காலனியில் திரும்பிய பஸ்

என்னை ஓர் இடத்தில் உட்கார வைக்க யாராலும் முடிந்ததில்லை. கட்சிக் கூட்டத்தில் மேடையில் நாற்காலி போடுவார்கள். ஐந்து நிமிஷம் இருப்பேன். பிறகு இறங்கிப் போய் மைக்செட்காரனோடு பேசிக்கொண்டிருப்பேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். செஞ்சி மண்டியில் பதினைந்து வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்கினேன். அப்புறம் ஒரு மாட்டுவண்டி, அப்புறம் இரண்டு, அப்புறம் ஜல்லி காண்ட்ராக்ட், அப்புறம் எங்கள் காலனியிலேயே முதல் செங்கல் வீடு. எண்பதுகளில் ஒன்றியத்துக்கு மெம்பராக நின்று ஜெயித்தேன். என்னை எதிர்த்து நின்றவர் காலேஜ் படித்தவர். எட்டு மைல் சுற்றளவில் தாழ்த்தப்பட்ட ஜனங்களுக்கு எந்தக் குறை என்றாலும் முதலில் என் வாசலுக்குத்தான் வருவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

தேர்தலில் நான் ஒரே ஒரு வாக்குறுதி கொடுத்தேன். "பஸ்ஸ காலனிக்குள்ள கொண்டாரன். ஒரு வருசத்துல கொண்டாரலேன்னா பதவிய வுட்டுட்டு மறுபடியும் மூட்டை தூக்கப் போறன்." கூட்டம் கை தட்டியது. தட்டின கை ஓய்வதற்குள் ஒரு வருஷத்துக்கு எத்தனை நாள் என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் கிராமம் அவலூர்பேட்டை ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் மண்ரோட்டில் இருக்கிறது. முதலில் ஊர். அதைத் தாண்டி இரண்டு பர்லாங்கில் காலனி. செஞ்சியிலிருந்து வருகிற பஸ் ஊரோடு திரும்பிவிடும். காலனி ஜனங்கள் ஊர் வரைக்கும் நடந்து போய், ஊர்க்காரர்கள் ஏறி முடிக்கிற வரைக்கும் ஒதுங்கி நின்று, கடைசியாக ஏறி, செஞ்சிக்கோட்டை மலை தெரிகிற வரைக்கும் நின்றபடியே போவார்கள். என் மனைவி கத்தரிக்காய்க் கூடையோடு அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள்.

பஸ் காலனி வரைக்கும் வந்து திரும்பினால் என்ன ஆகும்? கிளம்புகிற இடம் காலனி ஆகிவிடும். எங்கள் ஆட்கள் முதலில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். ஊரில் ஏறுகிறவர்கள் நின்றுகொண்டு வர வேண்டும். இரண்டு பர்லாங் ரோட்டுக்காக யார் சண்டை போடுவார்கள் ஐயா? சண்டை அந்த சீட்டுக்கு.

தாசில்தார் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசினார். ஊர் சார்பில் பெரியவர் வந்தார். எழுபது வயது, வெள்ளை மீசை. என் நைனா சாகிற வரைக்கும் அவரிடம் படியாள். நானும் சின்ன வயதில் அவர் மாட்டை மேய்த்தவன்தான்.

"வரட்டுமே சார். தாராளமா காலனி வரிக்கும் வரட்டும். ஆனா ஊருல வந்து நின்னு, எங்க ஆளுங்க ஏறின பொறவு காலனிக்குப் போயி, அவங்கள ஏத்திக்கினு திரும்பட்டும்" என்றார் பெரியவர்.

"இன்னா நியாயம் இது? செஞ்சிக்குப் போறவன் எதுக்கு சாமி காலனியச் சுத்திப் பாக்கணும்?" என்றேன்.

"எங்க பொம்பளைங்க நின்னுக்கினு வரணுமாடா மெம்பரு?"

"எங்க பொம்பளைங்க நின்னுக்கினு வர்றாங்களே, அது கண்ணுக்குத் தெரியலயா?"

தாசில்தார் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் மனுக் கடுதாசியைப் பஸ் டிப்போவுக்குத் தள்ளிவிட்டார். அங்கே எட்டு மாதம் நடந்தேன். மேனேஜர் என்னைப் பார்த்தாலே ஃபைலை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் தொல்லை தாங்காமல் காலனிக்கே வந்தார். காலாலேயே அளந்து பார்த்தார்.

"பஸ்ஸு வந்துடும் மெம்பர். திரும்ப எடம் எங்க?"

நான் சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் கிணறு. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் குடிசைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. மூலையில் என் செங்கல் வீடு, முன்பக்கம் வராண்டாவும் ஒரு அறையும் நீட்டிக்கொண்டு.

"அந்த மொகப்பு இல்லன்னா திரும்பிடுமா?" என்று கேட்டேன்.

"அது ஒங்க ஊடாச்சே."

"அதான் கேக்கறன். திரும்பிடுமா?"

மறுநாள் காலையில் கடப்பாறையை எடுத்தேன். என் மனைவி அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து பார்த்தாள்.

"யோவ், ஓட்டு வாங்கறதுக்காக ஊட்டு மேல போர்டு மாட்டறவனப் பாத்துருக்கேன். ஊட்டையே இடிக்கிறவன இப்பதான் பாக்கறன்."

"பேச்சு குடுத்துட்டேன்."

"பேச்சு நீ குடுத்த. செவுரு நான் தண்ணி தூக்கி ஊத்தி நனைச்ச செவுரு." சொல்லிவிட்டு, நல்ல செங்கலாகப் பார்த்துப் பொறுக்கி ஓரமாக அடுக்க ஆரம்பித்தாள். எட்டு ஜில்லாவில் இப்படி ஒரு மெம்பரைக் காட்டுங்கள் பார்ப்போம். இப்படி ஒரு பெண்பிள்ளையையும்தான்.

பஸ் வந்தது. மாலை, பட்டாசு, டிரைவருக்குத் துண்டு எல்லாம் ஆயிற்று. ஆனால் மேனேஜர் ஒரு கொக்கி வைத்திருந்தார். "ஒரு மாசம் சோதனை. தகராறுன்னு ஒரே ஒரு மனு வந்தாலும் பஸ்ஸு பழையபடி ஊரோட திரும்பிடும்."

அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தினமும் காலை பஸ்ஸில் ஏறிவிடுவேன். முன்படிக்கும் பின்படிக்கும் நடப்பேன். எங்கள் பையன்கள் வாயைத் திறந்தாலே தோளைப் பிடித்து அழுத்துவேன். முதல் வாரம் ஊர்க்காரர்கள் யாரும் ஏறவில்லை. பஸ் ஆளை ஏற்றாமல் ஊரைத் தாண்டும்போது பையன்கள் ஜன்னல் வழியாகக் கை காட்டுவார்கள். "காட்டாதீங்கடா, கைய உள்ள வைங்கடா" என்று கத்துவேன். இரண்டாவது வாரம் ஒவ்வொருவராக ஏறினார்கள். சந்தை இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, எத்தனை நாள் சைக்கிள் மிதிப்பது? ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்று வந்தார்கள். ஒரு மனு. யாராவது ஒருவர் எழுதிப் போட்டால் போதும்.

கடைசி வாரத்தில் பெரியவர் ஏறினார்.

அன்றைக்கு அதிசயமாக நான் உட்கார்ந்திருந்தேன். வலது பக்கம் மூன்றாவது சீட்டு. பக்கத்திலிருந்தவன் ஊரில் இறங்கிப்போய், அந்த இரண்டு பேர் சீட்டில் நான் மட்டும் இருந்தேன். பெரியவர் படியேறி, தடியை ஊன்றி, என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். கடப்பாறையால் சொந்த வீட்டை இடித்தவன், தாசில்தார் முன்னால் எதிர்த்துப் பேசியவன், எழுந்து நின்றுகொண்டிருந்தேன். என் நைனா அவரைக் கூப்பிட்டது மாதிரியே "உக்காருங்க ஆண்டே" என்று நான் சொன்னதாக என் மனைவி சொல்கிறாள். சொல்லவில்லை என்றுதான் நான் இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

பெரியவர் உட்காரவில்லை. நான் உட்கார்ந்திருந்த சீட்டு அது.

எழுந்த நான் மறுபடி உட்காரவும் முடியவில்லை. பஸ் முழுக்க ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்க, நடுவில் அந்த சீட்டு மட்டும் காலியாக ஆடிக்கொண்டு வந்தது.

"இன்னா தலைவரே, சீட்டுல முள்ளா?" என்றான் பின்னாலிருந்து எங்கள் பையன் ஒருவன்.

"முள்ளு சீட்டுல இல்லடா, வேற எங்கியோ குத்துது" என்றான் இன்னொருவன். ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். போச்சு, இன்றைக்கு மனுதான்.

அப்போது என் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தாள். அந்த சீட்டில் ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். பெரியவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு ஆளு குந்தற எடம் இருக்குது. குந்தறதுன்னா குந்துங்க. இல்லன்னா என் கூடைய வச்சிக்கறன்."

பெரியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவள் கூடையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள்.

கண்டக்டர் நெளிந்து வந்து சேர்ந்தார். "ஏம்மா, கத்தரிக்காய்க்கும் டிக்கெட்டா?"

"போடு. அது இன்னா சாதின்னு மட்டும் கேட்டுடாத."

முதலில் சிரித்தது ஊர்ப் பெண் ஒருத்திதான். அப்புறம் எல்லோரும். வேட்டியை மடித்துக் கட்டினவரும் சிரித்துவிட்டார். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. செஞ்சி வரைக்கும் கத்தரிக்காய் உட்கார்ந்து வந்தது, அவர் நின்று வந்தார்.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் அவர் நேராகத் தாலுகா ஆபீஸ் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். கடைத்தெருவில் அவர் நின்றால் நானும் பாத்திரக் கடையில் ஒரு சொம்பை எடுத்துத் தட்டிப் பார்ப்பேன். அவர் நடந்தால் நானும் நடப்பேன். ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் மனு எழுதுகிற பாய் டைப் மிஷினோடு உட்கார்ந்திருப்பார். பெரியவர் அவர் எதிரில் போய் உட்கார்ந்தார். டக் டக் என்று மிஷின் அடிக்கிற சத்தம் தெருவுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் என் மண்டையில் விழுந்தது.

அவர் போன பிறகு ஓடினேன். "பாய், இன்னா எழுதிக்கினு போறாரு?"

"அடுத்தவன் மனுவ வெளிய சொன்னா எவன் எங்கிட்ட வருவான்? நீ கூட வரமாட்ட."

"பஸ்ஸப் பத்தியா? அத மட்டும் சொல்லு."

"பஸ்ஸப் பத்திதான். போ."

நான்கு நாள் தூங்கவில்லை. வீட்டில் நடந்தேன், தெருவில் நடந்தேன். மூட்டை தூக்கப் போவதாகச் சொன்னது நினைவுக்கு வந்து வந்து போனது. ஐம்பது வயதில் முதுகு தாங்குமா என்று ஒரு நாள் அரிசி மூட்டையைத் தூக்கிக்கூடப் பார்த்தேன். தாங்கியது. அதுவும் ஆறுதலாக இல்லை. ஐந்தாம் நாள் டிப்போவிலிருந்து ஆள் வந்தது.

மேனேஜர் ஃபைலால் முகத்தை மறைக்கவில்லை. "வாங்க மெம்பர், உக்காருங்க." நான் நின்றேன். "ஒங்க ஊர்ப் பெரியவர் ஒரு மனு குடுத்துருக்காரு."

"தெரியும் சார். தகராறு ஒண்ணும் நடக்கல. என் சம்சாரம் கொஞ்சம் வாய்..."

"தகராறா? அப்படி எதுவும் இதுல இல்லியே." அவர் படித்தார். காலைப் பஸ்ஸில் கூட்டம் மிகுதியாக உள்ளது, முதியோர் நின்றுகொண்டே பயணிக்க நேருகிறது, ஆகவே ஊரிலிருந்து புறப்படும்படி இன்னொரு பஸ் விட வேண்டும். கீழே கையெழுத்து.

இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், ஆனால் காது சுத்தம்.

பாய் பிற்பாடு டீக் கடையில் வாயை விட்டுவிட்டார். பெரியவர் முதலில் நடந்ததை நடந்தபடிதான் எழுதச் சொன்னாராம். பாய் கையை மிஷினிலிருந்து எடுத்துவிட்டாராம். "அவங்க குந்துன சீட்டுல நான் குந்த மாட்டன்னு காயிதத்துல எழுதினா, தீண்டாமைச் சட்டத்துல ஒங்களத்தான் புடிச்சி உள்ள போடுவாங்க. வேற காரணம் சொல்லுங்க." வேறு என்ன காரணம் இருக்கிறது? கூட்டம் என்று எழுதினார்கள்.

மேனேஜர் ஃபைலை மூடினார். "கூட்டம் இருக்குதுன்னு பயணியே எழுதிக் குடுத்துட்டாரு. அப்புறம் சோதனை எதுக்கு? காலனி வரிக்கும் ரூட்டு நிரந்தரம். போயி சொல்லுங்க."

அன்று சாயங்காலம் கிணற்றடியில் ஜனங்களைக் கூட்டி ஒரு மணி நேரம் பேசினேன். மேனேஜரை மடக்கியது, மேசையைத் தட்டியது, எல்லாம் சொன்னேன். பெரியவரின் மனுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

அந்த ஒரு மனுவோடு அவரும் விடவில்லை, இன்னொரு பஸ் கேட்டு மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அந்த இன்னொரு பஸ்ஸுக்கும் நானேதான் டிப்போவுக்கு நடந்தேன். காலையில் கூட்டம் நிஜமாகவே தாங்க முடியவில்லை.