அண்ணன் ஒட்டிய முன்தகடு

மேம்பாலம் ஏறும்போதே சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. இறங்குவதற்குள் கண்ணாடிக்கு முன்னால் ஆவி பொங்கியது. வண்டிக்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு லாரியை ஓரம் கட்டினாள். பின்னால் ஒரு குடும்பத்தின் வீடே ஏறியிருந்தது: பீரோ, ஃப்ரிட்ஜ், கட்டில், மூட்டை மூட்டையாகப் பாத்திரம். பக்கத்து சீட்டில் அந்த வீட்டுக்காரர், சுவர்க் கடிகாரத்தை மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி ஊத்தினா போகுமாம்மா?"

"போகும் சார். ரெண்டு தெரு போகும். அப்புறம் மறுபடி ஊத்தணும்."

ஒழுகுகிற இடம் அவளுக்குத் தெரியும். ரேடியேட்டருக்கு அடியில் வரும் ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருந்தது. திருப்புளி உள்ளே போனால் கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை. ஆனால் போகாது. ரெண்டு ஹெட்லைட்டையும் தாங்கிக்கொண்டு வண்டிக்கு முகமாக இருக்கும் முன்தகட்டை அவளுடைய அண்ணன் நாலு பக்கமும் வெல்டு வைத்து மூடியிருந்தான். ரேடியேட்டரில் கை வைக்க வேண்டுமென்றால் தகட்டை அறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு தடவை அறுத்து ஒட்டும்போதும் ஓரத்தில் கொஞ்சம் இரும்பு போய்விடும். போன இடத்தில் துரு குடியேறும். துரு தின்ற இடத்துக்கு அண்ணன் ஒரு ஒட்டுப் போடுவான். கடைசியில் ஒட்டுக்கு ஒட்டுப் போடுகிற நிலைமைக்கு வந்திருந்தது. விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

அன்றைக்கு வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி, கண்ட கடையில் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றி ஊற்றிப் போய்ச் சேர்ந்தாள். சாமான் இறக்குபவர்கள் காத்திருந்து அலுத்துப் போய்க் கிளம்பிவிட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் கடிகாரத்தைக் கீழே வைக்காமலேயே அவளை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் சாமான் மாற்றித் தரும் ஒரு கம்பெனியில் கண்ணாடிப் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றி அடுக்குகிறவளாக வேலைக்குச் சேர்ந்தவள். கேபினில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்து, பார்த்துப் பார்த்தே கியர் மாற்றக் கற்றுக்கொண்டாள். முதலாளி கம்பெனியை இழுத்து மூடியபோது நல்ல வண்டிகளை ஆள் ஆளுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். யாருமே சீந்தாத இந்தக் கிழட்டு நீல லாரி இவள் தலையில் விழுந்தது. இவளே கேட்டுத்தான் விழுந்தது என்பது வேறு விஷயம். "பொம்பளைக்கு எதுக்கும்மா லாரி?" என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அண்ணன், அதற்கப்புறம் அந்த வண்டிக்கு வைத்தியனாகிவிட்டான். ஊரில் அவன் பட்டறை வெல்டிங்குக்குப் பேர் போனது. தங்கச்சியிடம் கூலி வாங்க மாட்டான். அதுதான் சங்கடமே. கூலி கொடுத்தால் நாலு வார்த்தை கேட்கலாம். சும்மா செய்கிறவனை என்ன கேட்பது?

ஆனால் அன்றைக்குக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் பட்டறைக்குள் நுழைந்தாள்.

"அண்ணா, இந்தத் தகட்டைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு அடி. ஆனா ஒட்டாத. போல்ட் போடு. நான் நினைச்சப்போ கழட்டணும், நினைச்சப்போ மாட்டணும்."

அண்ணன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினான். "கழட்டி மாட்ட அது என்ன செருப்பா?"

"கிண்டல் பண்ணாத. நடுரோட்டுல மானம் போகுது."

"என் வெல்டு விட்டுதா? இன்னிவரைக்கும் ஒரு இடத்துல விட்டுதா, சொல்லு."

"விட மாட்டேங்குது, அதுதாண்ணா பிரச்சினையே!"

அவனுக்குச் சுருக்கென்றது போலிருக்கிறது. கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தான். அப்புறம், "சரி, வண்டியை விட்டுட்டுப் போ" என்றான். இவ்வளவு சுலபமாக அவன் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் வந்த வேலையையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. அவர் மிஷினை மிதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். "கொஞ்சம் உக்காரேன், நீ நடக்கிறதுல எனக்குத் தையல் கோணுது" என்றார் அவர்.

வண்டி வந்தபோது அவளால் நம்ப முடியவில்லை. புதுத் தகடு, பட்டி பார்த்துத் தேய்த்து, நீலம் அடித்து, முகம் பார்க்கலாம் போல மின்னியது. ஓரங்களில் வரிசையாக ஆறு போல்ட். அவள் அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்காத குறை. பாவம், நாம்தான் கடுமையாகப் பேசிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஆசைக்கு ஒரு தடவை கழற்றிப் பார்ப்போமே என்று ஸ்பேனரை எடுத்தாள். ஆறு போல்ட்டும் வெண்ணெய் மாதிரி கழன்று வந்தன. தகடு வரவில்லை. இழுத்தாள். உலுக்கினாள். கணவரைக் கூப்பிட்டாள், ரெண்டு பேருமாக இழுத்தார்கள். வண்டிதான் ஆடியது. கடைசியில் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்பக்கம் மேலிருந்து கீழ்வரை, அழகாக, அளவாக, பொட்டுப் பொட்டாக வெல்டு.

போனில் அவள் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"அப்ப அந்த போல்ட் எதுக்குண்ணா?"

"நீதானே கேட்ட. அதான் போட்டேன்."

"உள்ள ஒட்டியிருக்கியே!"

"அது ஒரு பாதுகாப்புக்கு."

அவள் போனைக் கட்டில் மேல் எறிந்தாள். சட்டைக்குப் பட்டன் கேட்டவளுக்குப் பட்டன் மாதிரி படம் வரைந்து கொடுத்திருக்கிறான்! சின்ன வயதிலிருந்தே இதே கதைதான். பள்ளிக்கூடத்தில் அவள் எந்தப் பாடம் எடுப்பது என்பதிலிருந்து, எந்தப் பக்கம் வகிடு எடுப்பது என்பதுவரை, "சரிம்மா, சரிம்மா" என்பான். செய்வது என்னவோ தான் நினைத்ததைத்தான். சண்டை போட அவன் எதிரில் நிற்கவும் மாட்டான்.

குழாய் மறுபடி கசிந்தபோது அவள் பட்டறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. தெரிந்த கடையிலிருந்து இரும்பு அறுக்கிற கிரைண்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள்.

"உனக்கு இதெல்லாம் பழக்கமில்லையே" என்றார் கணவர்.

"வாழைத்தண்டை வெட்டற மாதிரி வெட்டிடலாம்னு நான் சொல்லலை. நீங்க வயரைப் பிடிங்க, போதும்."

தீப்பொறி பறந்தது. கோடு போட்ட இடத்தில் ஒன்று, போடாத இடத்தில் ரெண்டு என்று அறுத்தாள். மின்னிய நீலம் முழுக்க நாய் கடித்த மாதிரி ஆனது. கடைசிப் பொட்டு அறுந்து தகடு தரையில் விழுந்தபோது அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமல்ல. கிளிப்பை மாற்றினாள். திருப்புளி ஜம்மென்று உள்ளே போனது. "பாத்தீங்களா?" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, வண்டியை நிழலுக்கு நகர்த்தலாம் என்று ஏறிக் கதவைச் சாத்தினாள்.

கதவு சாத்தவில்லை.

மறுபடி அறைந்தாள். கதவுக் கொக்கி தன் பள்ளத்துக்கு ஒரு விரல் கீழே போய் இடித்தது. இறங்கித் தள்ளி நின்று பார்த்தாள். கேபின் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற தூண்கள் கீழ்ப்பக்கத்தில் விரிந்துவிட்டிருந்தன. துருப்பிடித்த இந்தக் கிழட்டு உடம்பை இத்தனை நாளாகச் சேர்த்துப் பிடித்திருந்ததே அந்தத் தகடுதான்.

அவள் படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். கை முழுக்க இரும்புத் தூள். கணவர் உள்ளே போய் அண்ணனுக்குப் போன் போட்டார்.

அண்ணன் வந்தான். வண்டியைச் சுற்றி வந்தான். தரையில் கிடந்த தகட்டைக் காலால் புரட்டினான். "இதுக்குத்தான் ஒட்டினேன். நான் அறுக்கறப்பல்லாம் கேபினுக்கு முட்டுக்கொடுத்துட்டுத்தான் அறுப்பேன்" என்றான்.

அவள் எழுந்தாள். "எதுக்குன்னு சொன்னியா? ஒரு வார்த்தை? 'தங்கச்சி, இதை எடுத்தா கேபின் சரிஞ்சிடும்'னு வாயத் தொறந்து சொன்னியா? பாதுகாப்பாம் பாதுகாப்பு!"

"சொன்னா நீ எதிர்த்துப் பேசுவ."

"பேசுவேன்! பேசிட்டுக் கேட்டிருப்பேன்ல!"

அண்ணன் கணவரைப் பார்த்தான். கணவர், "என்னை ஏன் மச்சான் பாக்குறீங்க, நியாயமாத்தானே கேக்குறா" என்றார். அவர் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணன் தலையைச் சொறிந்தான். அப்புறம் ஒரு செங்கல் துண்டை எடுத்துத் தரையில் கோடு போட ஆரம்பித்தான். "இங்க பாரு. ரெண்டு தூணுக்கும் நடுவுல கனமா ஒரு பைப்பை நிரந்தரமா ஒட்டிட்டா, பாரம் அதுக்குப் போயிடும். அப்புறம் தகடு வெறும் முகம்தான். சுத்தி ஆங்கிள் இரும்பு வச்சு, பின்னாடி நட்டை ஒட்டிடுறேன். நீ முன்னாலேருந்து போல்ட்டைத் திருகினா போதும்." சொல்லி முடித்துவிட்டு, சரிதானா என்பதுபோல் அவளைப் பார்த்தான். இந்த மாதிரி அவன் பார்த்ததும் கிடையாது. அவளுக்குக் கோபம் இறங்கவில்லை. ஆனால் குனிந்து கோட்டைப் பார்த்தாள்.

"சரி. உள்ள பொட்டு வைக்கக் கூடாது."

"வைக்கலை."

"சத்தியமா?"

"வைக்கலைம்மா, விடு!"

ஜாக்கியும் மரக்கட்டையும் முட்டுக்கொடுத்துக் கேபினை மெல்ல மெல்லத் தூக்கினார்கள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் வரைக்கும் அவள் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். பைப் ஏறியது. ஆங்கிள் ஏறியது. பழைய தகட்டின் ஓரமெல்லாம் அவள் கைவண்ணத்தில் குதறிப் போயிருந்ததால் புதிதாக ஒன்று வெட்ட வேண்டியிருந்தது. கணவர் முன்வந்தார். "அளவு எடுக்கிறதை என்கிட்ட விடுங்க மச்சான்." செய்தித்தாளைப் பழைய தகட்டின் மேல் விரித்து, பென்சிலால் தேய்த்து, துணிக்கு விடுகிற மாதிரி ஓரத்தில் மடிப்புக்கு இடம் விட்டு, கத்தரித்துக் கொடுத்தார். அண்ணனே வியந்து போனான். அதை வைத்து வெட்டி, மடித்து, ஓட்டை போட்டு, தூக்கி வைத்தால் ஹாரனுக்கான ஓட்டை வலதுபக்கம் வந்து நின்றது. ஹாரன் இருப்பது இடதுபக்கம்.

அவள்தான் கண்டுபிடித்தாள். தகடு குப்புறக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. கணவர் பின்பக்கத்தை அளவெடுத்திருந்தார்.

"காகிதத்துல 'முன்பக்கம்'னு எழுதியிருக்கலாமே மாப்பிள்ளை!"

"நீங்க வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை வச்சுப் பாத்திருக்கலாமே மச்சான்!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" என்றாள் அவள். அவளுக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. வேண்டாத ஓட்டைக்கு வட்டமாக ஒரு மூடி அடித்தார்கள். வேண்டிய இடத்தில் புதிதாக ஓட்டை போட்டார்கள். புதுத் தகட்டுக்குப் பிறந்த அன்றைக்கே ஒரு ஒட்டு.

வேலை முடிந்த வண்டி பார்க்க லட்சணமாக இல்லை. பெயிண்ட் பாதியில் தீர்ந்து, ஒரு ஓரம் வெறும் சிவப்புப் பூச்சோடு நின்றது. சத்தம் வராமலிருக்க இடையில் வைத்த சைக்கிள் டியூப் ரப்பரையும் மீறி, கொஞ்சம் வேகம் போனால் தகடு கடகடவென்று அடித்துக்கொண்டது. ஒரு போல்ட் மரை சிதைந்து, பாதி திருகியதும் நின்றுகொண்டது. ஆனால் ஸ்பேனர் வைத்தால் கழன்றது. அவள் வாசலில் நின்றபடியே மூன்று தடவை கழற்றி மூன்று தடவை மாட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அடுத்த வாரமே ஒரு மாடி வீட்டுச் சாமானோடு போகும்போது முள் ஏறியது. அவள் பதறவில்லை. வண்டியை நிறுத்தி, போல்ட்டுகளைக் கழற்றி, தகட்டை எடுத்து மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு ராணி மாதிரி திருப்புளியோடு குனிந்தாள்.

கிளிப்புக்கு நேர் முன்னால், கனமாக, நிரந்தரமாக, அண்ணன் ஒட்டிய பைப் குறுக்கே நின்றது.

அவள் திருப்புளியோடு நிமிர்ந்தாள். அப்புறம் நடுரோட்டில் நின்று அவனுக்குப் போன் போட்டு, பெற்றவர்களைத் தவிர மற்ற எல்லாரையும் இழுத்துத் திட்டினாள்.

"பைப்புக்குக் கீழேருந்து கையை விட்டுப் பாரு. கட்டை விரல் மேல இருக்கணும்" என்றான் அண்ணன். "ஞாயித்துக்கிழமை வந்து அந்த இடத்துல மட்டும் வளைச்சு விடுறேன். எந்தப் பக்கம் வளைக்கணும்னு நீயே கோடு போட்டு வை."

கீழேயிருந்து கையை விட்டாள். முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. திருப்புளி ரெண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை பள்ளத்தில் உட்கார்ந்தது. கிளிப் இறுகியது. சொட்டு நின்றது.

தகட்டைத் தூக்கி மாட்டினாள். மரை போன அந்த ஒரு போல்ட்டைத் திருகக்கூட இல்லை. எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். தகடு கடகடவென்று ஆரம்பித்தது. சாமான் இறக்குபவர்கள் கிளம்புவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும் என்று அவள் ஹாரனை அழுத்தினாள்.