வயரைப் பிடுங்கியும் நாலு டிகிரி

கருவிகளோடு பேசும் புரோகிராம் தொகுப்பு, அதாவது லைப்ரரி, எழுதிப் பிழைக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போடவில்லை. இன்று கேட்டாலும் போட மாட்டேன்.

திருவரங்குளம் பக்கம் ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையம். டேங்கின் குளிரைக் கவனிக்கும் கன்ட்ரோலர் கருவியிடம் வெப்பநிலையைக் கேட்டு வாங்கி, திரைக்குக் கொடுப்பது எங்கள் லைப்ரரி. ஒருநாள் டேங்க் பால் முழுக்கத் திரிந்துபோனது. திரையோ காலையிலிருந்து நாலு டிகிரி என்றே காட்டியது. டேங்க் குளிர்ச்சியாக இருந்ததென்றால் வரும்போதே பால் கெட்டிருக்க வேண்டும். சோதிக்காமல் ஊற்றிவிட்டார் என்று, பால் வாங்கும் செல்வியை வேலையைவிட்டு அனுப்பப் பார்த்தார்கள்.

எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "போயி பாத்துட்டு, நம்ம சாஃப்ட்வேர் சரியா இருக்குன்னு ரிப்போர்ட் எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துரும்மா."

செல்வி அழவில்லை, கொதித்துக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு கேனும் பாத்துத்தான் மேடம் ஊத்துனேன். கம்ப்யூட்டரு பொய் சொல்லாதாம், நான் சொல்லுவேனாம்!"

பதிவான கிராஃபைப் பார்த்ததும் எனக்கும் கோபம் வந்தது. கறந்த சூட்டோடு கேன் கேனாகப் பால் விழுந்திருக்கிறது, வெப்பநிலை அரை டிகிரிகூட ஏறவில்லை. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஒரே கோடு. எலக்ட்ரீஷியனை விசாரித்தேன். அன்று டேங்க் பக்கம் டிரிப்பர் விழுந்து, கரண்ட் போய், கம்ப்ரசரும் கன்ட்ரோலரும் நின்றிருக்கின்றன. கம்ப்யூட்டர் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடியிருக்கிறது.

லைப்ரரியைத் திறந்து படித்தேன். கருவி பதில் சொல்லாவிட்டால், கடைசியாக வந்த எண்ணையே 'சரி' என்று திருப்பிக் கொடுக்கும்படி எழுதியிருந்தது. முதலாளிக்கு போன் போட்டேன்.

"அது பக்கு, தப்பு எல்லாம் இல்லம்மா, நாந்தான் போடச் சொன்னேன். ஸ்கிரீன்ல எரர் வந்தா கஸ்டமரு போன் போட்டு உசுர வாங்குறாங்க. நீ ஒன் வேலைய மட்டும் பாரு."

"இதுதான் சார் என் வேலை" என்று வைத்துவிட்டேன்.

நிலையத்தின் உரிமையாளரைத் திரை முன்னால் உட்காரவைத்தேன். "செல்வி, கன்ட்ரோலர்ல இருந்து வர்ற வயர புடுங்குங்க" என்றேன். பிடுங்கினார். நாலு டிகிரி. உரிமையாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நாலு டிகிரி.

"என்னங்க இது! வயரு இங்கிட்டு கெடக்கு, அங்கிட்டு நாலு காட்டுது?"

"அன்னைக்கும் இப்படித்தாங்க காட்டியிருக்கு."

செல்வி வயரைக் கையில் பிடித்தபடியே கேட்டார். "இப்ப சொல்லுங்க சார், யாரு பொய் சொன்னது?"

மறுநாளும் செல்விதான் பால் வாங்கினார்.

லைப்ரரியைத் திருத்தினேன். இப்போது பதில் வராவிட்டால் திரையில் எண் இருக்காது, சிவப்பில் 'தெரியவில்லை' என்று வரும். "பாக்க அசிங்கமா இருக்கும்மா, எடுத்துரு" என்று முதலாளி இன்றும் நச்சரிக்கிறார். கஸ்டமர்களும் போன் போடுகிறார்கள். போடட்டும். நான் எடுப்பதாக இல்லை.

நீங்களும் எடுக்காதீர்கள். நம் புரோகிராம் சொல்லும் பொய்க்கு வேலை போவது நமக்கில்லை, கேன் தூக்குகிறவருக்கு.