தெரிந்தால்தானே பொறுப்பு!

எங்கள் மில்லர்புரம் தெருவுக்கு மீன் கொண்டுவந்துகொண்டிருந்த ரெஜினா, போன வாரம் கோர்ட்டில் ரயில்வேயை ஜெயித்துவிட்டார். ஒற்றைக் காலோடு!

ரெஜினாவின் வீடு திரேஸ்புரத்தில். மார்க்கெட்டுக்கு வர வேண்டுமானால், குறுக்கே துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் பாதை. ஒரு நாள் காலையில் அதில் உப்பு வேகன்கள் வரிசையாக நின்றன. இன்ஜின் கண்ணில் படவில்லை. எல்லோரையும் போல ரெஜினாவும் கூடையை முன்னால் தள்ளிவிட்டு, வேகனுக்கு அடியில் குனிந்தார். விசில் இல்லை, ஒரு சத்தம் இல்லை… வேகன் நகர்ந்தது. இடது பாதம் போயிற்று.

ஆஸ்பத்திரியில் கட்டுக்கூடப் பிரிக்கவில்லை — அத்துமீறி நுழைந்ததற்கு சம்மன் வந்துவிட்டது. ரயில்வேயில் எல்லாமே லேட் என்று யார் சொன்னது?

முதலில் அழுதார். அப்புறம் கோபம் வந்தது. இனி கூடை சுமந்து தெருத்தெருவாக நடக்க முடியுமா? நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்.

ரயில்வேயின் பதில் ரொம்ப எளிமை. அனுமதியில்லாமல் நுழைந்தவருக்கு நாங்கள் பொறுப்பில்லை. வேண்டுமென்றா இடித்தோம்? அங்கே ஆள் வருவது எங்களுக்கு எப்படித் தெரியும்?

விசாரணை அன்று நானும் போய் உட்கார்ந்திருந்தேன். ரயில்வே வக்கீல் ரெஜினாவைக் கேட்டார்:

“கேட் வழியா சுத்திப் போயிருக்கலாமே?”

“போலாம்யா. அதுக்குள்ள மீனு நாறிரும். நாறுன மீனை நீங்க வாங்குவியளா?”

அடுத்து, அத்துமீறலை நிரூபிக்க ரயில்வே தரப்பே கூட்டிவந்த சாட்சி. அவர்களுடைய பாதுகாப்பு இன்ஸ்பெக்டர். மொடமொடவென்று யூனிஃபார்ம்.

“அந்த எடத்துல தெனமும் ஆளைப் புடிக்கோம்யா! இந்தம்மாவையே முன்னால புடிச்சிருக்கேன்.”

ரெஜினாவின் வக்கீல் மெதுவாக எழுந்தார். “அப்போ, தினமும் அங்க ஆள் போறது உங்களுக்குத் தெரியும்?”

“நல்லாத் தெரியும்!” — நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

“தெரிஞ்சுமா விசில் அடிக்காம வேகனை நகர்த்தினீங்க?”

இன்ஸ்பெக்டர் தன்னுடைய வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார்.

தினமும் ஆள் நடமாடுவது தெரிந்தபின் எச்சரிக்காமல் வண்டியை நகர்த்தியது தவறு, நஷ்டஈடு கொடுங்கள் என்று தீர்ப்பு. ரெஜினா மேஜையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். ரயில்வே அப்பீல் போகிறதாம். போகட்டும்… அது அத்துமீறல் இல்லையே!

நேற்று திரேஸ்புரம் போனேன். ரெஜினா வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்தார்.

“ஒரு அதிசயம் கேட்டியளா அண்ணாச்சி? தீர்ப்பு வந்ததுலருந்து ரயில்வேக்காரவ அங்கன யாரையும் புடிக்கதில்ல. பாத்தும் பாக்காத மாரி போறாவ!”

மனம் திருந்திவிட்டார்களா? எனக்குத் தெரிந்த ரயில்வே ஊழியர் ஒருவரைக் கேட்டேன்.

“மேலிடத்து உத்தரவு சார். புடிச்சா, தெரியும்னு ஆயிருதுல்லா?”

“சரி… விசில் அடிக்கச் சொல்லி?”

“அதுக்கு உத்தரவு வரலையே.”

ஆகவே, வேகனுக்கு அடியில் குனியும் அன்பர்களே, ஜாக்கிரதை — நீங்கள் இப்போது அதிகாரபூர்வமாகவே யார் கண்ணுக்கும் தெரியாதவர்கள்!