வராத மழைக்கு அள்ளிய கருவாடு

போடியிலிருந்து ஒருத்தர் ராமேஸ்வரம் போகிறார் என்றால் அவர் வீட்டில் யாரோ செத்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தத் தீவில் வேறு சோலி கிடையாது. போய் இறங்கி, கடலில் முங்கி, பிண்டம் கரைத்து, ஈரத் தலையோடு பஸ் ஏறி வந்துவிடுவார்கள். அதனால் நாங்கள் மூன்று பேரும் நாலு நாள் ராமேஸ்வரம் போகிறோம் என்றதும், என் தையல் கடைக்கு வந்த ஒவ்வொருத்தியும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "யாருக்குக்கா?" என்று கேட்டாள்.

"யாருக்குமில்ல. சும்மா கடல் பாக்கப் போறோம்" என்றேன். ஒருத்தியும் நம்பவில்லை. அறுபது வயசில் மூணு பொம்பளைகள் சும்மா கடல் பார்க்கக் கிளம்புவார்கள் என்பதைவிட, நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் மறைக்கவும்தான் செய்தேன்.

எங்கள் மூவரில் ஒருத்தி, போடிமெட்டுக்கு ஏறுகிற மலைச்சரிவில் ஸ்டோர் நடத்துகிறாள். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். புருஷன் போன பிறகு பதினாலு வருஷமாக அவள்தான் பார்க்கிறாள். அக்கம்பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர்கள் பச்சைக் காயை ஜீப்பில் கொண்டுவந்து இறக்குவார்கள். இரவு முழுக்க அறைக்குள் சூடு ஓடும். விடிகாலையில் அவள் கதவை ஒரு சாண் திறந்து, முகத்தை உள்ளே நீட்டி, ஒரு மூச்சு இழுப்பாள். "இன்னும் ஒரு மணி நேரம்" என்பாள், அல்லது "போதும், எடுங்க" என்பாள். சுவரில் சூடு காட்டும் மீட்டர் ஒன்று இருக்கிறது. அதை அவள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. "அது சூட்டத்தான் சொல்லும். காயச் சொல்லாது" என்பாள்.

அந்த மூக்கு ஐப்பசியில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கியது. வாசம் மட்டும் திரும்பி வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் குத்துமதிப்பாகவே ஒரு மாதம் ஓட்டியிருக்கிறாள். கார்த்திகையில் ஒருநாள் விடிகாலை, வேலைக்கு வந்த பெண் வாசலிலேயே நின்று, "அம்மா, தீயுற வாடை வருது" என்று சொல்லும் வரைக்கும் இவளுக்குத் தெரியவில்லை. மூன்று வீட்டுக் காய் ஒரே அறையில் கருகிக் கிடந்தது. டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அதற்கு டாக்டர் எதற்கு, அதை நானே சொல்லியிருப்பேன்.

அதே மலையில் சின்னத் தோட்டம் வைத்திருக்கிற அவள் கொழுந்தனார் நல்ல மனுஷர். அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "மதினி, நீங்க பட்ட பாடு போதும். பங்குனி பொறந்ததும் சாவியக் குடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று தணிவாகச் சொன்னார். இவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். எங்களிடம் வந்து, "சாவியக் குடுத்துட்டு அந்த மலையில எனக்கு என்னடி வேல இருக்கு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாசியில் காய் எடுப்பு எல்லாம் முடிந்து, அடுத்த எடுப்பு ஆடியில்தான் என்று ஸ்டோர் சும்மா கிடந்த நேரம், நான்தான் ராமேஸ்வரம் என்று ஆரம்பித்தேன். சாவி கைமாறுவதற்குள் அவளை ஒரு நாலு நாளாவது சிரிக்க வைக்க வேண்டும் என்பதற்கு மேல் என்னிடம் திட்டம் எதுவும் இல்லை.

மூன்றாவது ஆள் டீச்சர். எங்களோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவள், போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள், இன்னும் ஆள் எண்ணும் பழக்கம் விடவில்லை. இருப்பதே மூன்று பேர். ரயில் ஏறினாலும் இறங்கினாலும் எங்களை எண்ணுவாள். சாயங்கால ரயிலில் மதுரை போய் அவள் மகள் வீட்டில் படுத்து, விடிந்ததும் ராமேஸ்வரம் ரயிலைப் பிடித்தோம். பாம்பன் பாலம் தொடங்கியதும் டீச்சர் கண்ணை மூடியவள், சக்கரச் சத்தம் மாறிய பிறகுதான் திறந்தாள். "எப்படி இருந்துச்சு பாலம்?" என்று எங்களிடமே கேட்டாள்.

தங்கச்சிமடம் பக்கம் கடற்கரையை ஒட்டி ஒரு வீட்டு மாடியில் இரண்டு அறை எடுத்திருந்தோம். கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா மீன் வாங்கிக் கருவாடு போடுகிறவர். பெட்டியைத் திறந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, படியேறி வந்து, "என்னக்கா, வந்ததும் வராததுமா பாயாசம் வைக்கிறீங்களா?" என்றார். விஷயம் வேறொன்றுமில்லை. ஸ்டோர்க்காரி தன் சேலை, போர்வை, துண்டு எல்லாவற்றையும் ஏலக்காய் மூட்டைக்குள் போடுகிற பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஈரம் ஏறாது என்று நினைத்திருக்கிறாள். அதில் காய் கிடந்த வாசம் மாடி முழுக்க நிறைந்து கீழே இறங்கிவிட்டது. "அவ்வளவா அடிக்குது?" என்று தன் சேலையை முகர்ந்து பார்த்தாள். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, அடுத்த நொடியே வாயை மூடிக்கொள்ளவும் தோன்றியது.

ஆனால் கடல் யாரையும் அதிக நேரம் வருத்தப்பட விடாது. அந்தத் தீவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கடல். அலையே இல்லாமல் குளம் மாதிரிக் கிடப்பதைப் பெண்கடல் என்கிறார்கள், எதிர்ப்பக்கம் உறுமுகிறதை ஆண்கடல் என்கிறார்கள். "நாம பொம்பளையோடவே இருந்துக்குவோம்" என்றாள் டீச்சர். காலையில் இட்லி தின்றுவிட்டு இறங்கினால், எருமைகள் குளத்தில் கிடப்பதைப் போல மூன்று பேரும் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து மத்தியானம் வரை ஊர்க்கதை பேசினோம். யார் வந்து சோறு கேட்கப் போகிறார்கள்? கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் பதினோரு மணிக்கு எனக்கு அடுப்பு ஞாபகம் வராதது அங்கேதான். பிறகு வீட்டுக்காரம்மா வைத்த மீன் குழம்பு. பிறகு தூக்கம். எழுந்தால் மறுபடி கடல்.

எந்த ஆட்டோவில் ஏறினாலும், "யாருக்கும்மா திதி?" என்று கேட்டார்கள். இரண்டாம் நாள் ஸ்டோர்க்காரி ஓர் ஆட்டோக்காரருக்குப் பதில் சொன்னாள். "எங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் செஞ்சாச்சு தம்பி. இப்ப நான் உயிரோட வந்திருக்கேன்." அவர் கண்ணாடியில் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை விரட்டினார்.

தினமும் காலையில் ஒரு வேலை மட்டும் தப்பாமல் நடந்தது. நான் ஓர் ஏலக்காயை நசுக்கி அவள் மூக்குக்கு நேரே நீட்டுவேன். அவள் கண்ணை மூடி இழுப்பாள். "ஒண்ணுமில்ல" என்பாள். இரண்டாம் நாள், "கழுதைக்குத் தெரியுமாடி கற்பூர வாசனை" என்று தன்னையே சொல்லிச் சிரித்தாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ அத்தனை கோபம். "சிரிச்சுச் சிரிச்சே சாவியக் குடுத்துரு" என்று கத்திவிட்டேன். டீச்சர் என்னைப் பால்கனிக்கு இழுத்துப் போய்த் திட்டினாள். அன்று பகல் முழுக்க நான் தண்ணீரில் தனியாக உட்கார்ந்திருந்தேன். என்னைச் சமாதானப்படுத்த ஸ்டோர்க்காரிதான் வந்தாள். நியாயமாகப் பார்த்தால் நான்தான் அவளிடம் போயிருக்க வேண்டும்.

வீட்டுக்கு முன்னால் மணலில் பழைய வலையை விரித்து நெத்திலி காயப் போட்டிருந்தார்கள். முதல் நாளிலிருந்தே ஸ்டோர்க்காரியின் கண் அதன் மேல்தான். காயப் போட்ட பொருளைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. போகும்போதும் வரும்போதும் குனிந்து நாலு மீனைப் புரட்டிப் போட்டு, "அடியில ஈரம் நிக்குது" என்பாள். வீட்டுக்காரம்மா, "பொரட்டுங்கக்கா, எனக்கு ஒரு ஆள் மிச்சம்" என்று விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் சந்தைக்குப் போயிருந்தார். சாப்பிட்டுவிட்டு நாங்கள் வாசல் தென்னை நிழலில் சரிந்து கிடந்தோம். மூன்று மணி இருக்கும், மேற்கே திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. போடியில் மேற்கே இருட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மலையில் மழை பிடித்துவிட்டது, கையிலிருக்கும் டீயைக் குடித்து முடிப்பதற்குள் இங்கே இறங்கிவிடும். ஸ்டோர்க்காரி துள்ளி எழுந்தாள்.

"எந்திரிங்கடி, காயி நனையுது. வெரசா வாங்க."

காய் என்றுதான் சொன்னாள். எது காய், எது மீன் என்று எங்களுக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. போடியில் பிறந்த காலுக்கு அந்தச் சத்தம் கேட்டால் போதும், தானாக ஓடும். கடலுக்கென்று புதிதாக வாங்கிய சேலையின் முந்தானையில் டீச்சர் நெத்திலியை வாரி வாரிக் கட்டினாள். நான் கூடை தேடி, கிடைக்காமல், எங்கள் குளியல் துண்டில் அள்ளினேன். ஸ்டோர்க்காரி இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கும் மணலுக்கும் ஓடினாள். அரை மணி நேரத்தில் ஒரு மீன் விடாமல் உள்ளே குவித்துவிட்டு, மூச்சு வாங்க மழைக்காகக் காத்திருந்தோம்.

மழை வரவில்லை. சந்தையிலிருந்து வீட்டுக்காரம்மாதான் வந்தார். தாழ்வாரத்துக் குவியலையும் எங்களையும் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது பேயாதுக்கா. இந்தக் காத்துக்கு மேகம் அப்படியே தெக்க போயிரும். காயாத மீனக் குமிச்சு வச்சா அவிஞ்சுல போகும்?" அவர் சொல்லி வாய் மூடவில்லை, பளீரென்று வெயில் வந்துவிட்டது.

ஸ்டோர்க்காரிக்கு முகம் செத்துவிட்டது. காயப் போட்டதைக் கெடுக்கிற கை ஆகிவிட்டது தன் கை என்று அவள் நினைத்திருப்பாள். கார்த்திகையில் கருகிய காயும் நினைவுக்கு வந்திருக்கும். ஒரு பாத்திரம் நிறைய நெத்திலியை அள்ளிக்கொண்டுபோய் வலையின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பரப்ப ஆரம்பித்தாள். நாங்களும் போய் உட்கார்ந்தோம். வெயில் முதுகைச் சுட்டது. குவித்து வைத்த சூட்டில் மீன் நாற்றம் தலையைக் கிறுகிறுக்க வைத்தது. நானும் டீச்சரும் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டோம்.

பாதி பரப்பியிருப்போம். அவள் கை நின்றது.

"ஏண்டி, இங்க என்னமோ நாறுது."

நானும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்தோம். டீச்சர் மெதுவாக, "என்ன மாதிரி நாறுது?" என்று கேட்டாள்.

"கொடலப் புடுங்குற மாதிரி." தன் உள்ளங்கையை மூக்கில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். "அய்யோ, என்னா நாத்தம்டி இது" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

வீட்டுக்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "கருவாடு நாறாம மல்லியப்பூவா மணக்கும்?" என்றார் கொஞ்சம் கோபமாகவே. நாங்கள் மூன்று பேரும் மீன் கையோடு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம், சிரித்தோம். டீச்சர்தான் அவருக்கு விஷயத்தைச் சொன்னாள். அவர் உள்ளே போய், பழைய சுறாக் கருவாடு ஒன்றை எடுத்துவந்து, "இதையும் பாருங்கக்கா" என்று நீட்டினார். ஸ்டோர்க்காரி அதை முகர்ந்து எட்டடி தள்ளிப்போய் நின்றாள். அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி முகத்தைச் சுளித்து நான் பார்த்ததில்லை.

நான் உடனே ஏலக்காய் எடுக்க ஓடினேன். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இப்ப வேணாம். அது வரலைன்னா? இன்னைக்கு இது போதும்டி." மறுநாள் காலையும் வேண்டாம் என்றுவிட்டாள். எடுத்து வைத்திருந்த காயை நான் டீயில் தட்டிப் போட்டுவிட்டேன்.

கிளம்பும்போது வீட்டுக்காரம்மா நாங்கள் இரண்டு தடவை காயப் போட்ட நெத்திலியில் ஒரு பெரிய பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ரயிலில் அதைச் சீட்டுக்கு அடியில் வைத்ததும் எதிரே இருந்த குடும்பம் எழுந்து வேறு இடம் போனது. வசதியாகக் காலை நீட்டிக்கொண்டோம். பாலம் வந்தது. டீச்சர் எங்களை எண்ணிவிட்டுக் கண்ணை மூடினாள். ஸ்டோர்க்காரி தண்ணீரைப் பார்த்தபடியே என் பக்கம் கையை நீட்டினாள்.

"கொண்டா."

கொண்டுபோன காயெல்லாம் டீயில் தட்டிப் போட்டுத் தீர்ந்துபோயிருந்தது. பர்ஸைக் குடைந்ததில் மூலையில் ஒன்று கிடைத்தது. அதைக் கொடுத்தேன். நகத்தால் கீறி, உள்ளங்கையில் கசக்கி, மூக்கருகே கொண்டுபோனாள். பாலம் முழுக்கக் கடந்தோம். அவள் கை இறங்கவில்லை. எனக்குக் கேட்கப் பயம்.

"இது எப்ப உள்ள காயி?" என்றாள்.

"நீ தையில குடுத்தியே, அதுதான்."

"பொய் சொல்லாத. இது போன வருசத்துக் காயி. பச்சையில புகை ஏறியிருக்கு. என் ஸ்டோர்ல இந்தக் காயி வெளிய போயிருக்காது. எங்க வாங்குன?"

சம்பந்தி வீட்டார் வந்த அன்று, மலையேறச் சோம்பல்பட்டுக்கொண்டு போடி பஜாரில் வாங்கியதை ஒப்புக்கொண்டேன். மண்டபம் தாண்டும் வரை அவள் என்னைத் திட்டினாள். பழக்கமென்ன, உறவென்ன, ஒரு வார்த்தை சொன்னால் ஜீப்பில் கொடுத்துவிட்டிருக்க மாட்டேனா என்று திட்டினாள். டீச்சர் கண்ணைத் திறந்து, யாரும் விழுந்துவிட்டார்களா என்பதுபோலப் பார்த்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டேன். இன்னும் ராமநாதபுரம் வரைக்கும் திட்டியிருந்தாலும் கேட்டிருப்பேன்.

திட்டி முடித்ததும் பையிலிருந்து ஸ்டோர்ச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்தாள். கொழுந்தனாருக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நாந்தான். ஊருக்கு வந்துக்கிட்டிருக்கோம். பங்குனியில சாவி வாங்க வர வேண்டாம். ஆடியில ஒங்க காய ஏத்திக்கிட்டு வாங்க, நான் ஒலத்தித் தர்றேன்."