அம்மாவின் அறைக்கு ஒட்டிய பச்சைத்தாள்

மைதா மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டினால் முதலில் பால் காய்வதுபோல ஒரு வாசனை வரும், கொஞ்ச நேரத்தில் அது புளித்துப்போய் மூக்கைப் பொத்த வைக்கும். எங்கள் வீட்டுச் சமையலறையில், அம்மா சோறு வடிக்கிற அலுமினியப் பாத்திரத்தில், கரீம் பாய் என்கிற பெயிண்டர் அந்தப் பசையைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடம் விட்டு ரெட்டைச் சடையோடு வந்த நான் ஏதோ பண்டம் செய்கிறார்கள் என்று நாக்கு ஊற நின்றிருந்தேன். இன்றைக்கு யாராவது பரோட்டாவுக்கு மைதா பிசைந்தால்கூட அந்தப் பக்கம் நான் போவதில்லை.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். அப்பாவுக்குக் குஷாய்குடா தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை. செகந்திராபாத்தை அடுத்த லோத்குண்டாவில், ராணுவ நிலத்து மதிலை ஒட்டினாற்போல ஒரு சின்ன வீடு கட்டியிருந்தார். வீட்டுக்குள் ஊர்த் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கும், தக்கனி என்கிற அந்த ஊர் உருதுவும். பால்காரரிடம் வேண்டாம் என்பதற்கு "இன்னைக்கு நக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பும் அம்மா, நானும் அக்காவும் அவள் கேட்டதற்கு இந்தியில் பதில் சொன்னால் மட்டும் ஏசுவாள்.

வீட்டுக்கு வெள்ளையடிப்பது என்றால் அது டிசம்பரில்தான். "கிறிஸ்மஸ் வெள்ளை" என்றே அதற்குப் பெயர். கோவிலிலிருந்து கேரல் பாட வருகிறவர்கள் வாசலில் கால் வைப்பதற்குள் சுவரெல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவுக்குக் கிறிஸ்மஸே வந்ததாக ஆகாது. நாற்சந்தியில் "லேபர் அட்டா" என்று ஓர் இடம் உண்டு. மூங்கிலில் கட்டிய பிரஷும் காலி டப்பாவுமாகக் காலையில் அங்கே ஆட்கள் நிற்பார்கள். அப்பா போய்ச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல நாலைந்து பேரை நோட்டம் விட்டு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவார். கரீம் பாய் அப்படி வந்து, பிறகு வருடா வருடம் வந்தவர்.

பெயிண்டர் உள்ளே வந்தால் அம்மா வெளியே போக வேண்டும். அதுதான் எங்கள் வீட்டு முறை. அம்மாவுக்கு "இழுப்பு". பெயிண்ட் வாசனை பட்டால் போதும், நெஞ்சுக்குள் விசில் ஊத ஆரம்பித்துவிடும். அதனால் ராமச்சந்திராபுரம் குவார்ட்டர்ஸில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு ஒரு பையோடு பஸ் ஏறிப் போய்விடுவாள். வாசனை அடங்கி அவள் திரும்பி வருவதற்குள் பண்டிகைக்கு முந்தின நாள் ஆகிவிடும். முறுக்கையும் முந்திரிக்கொத்தையும் அக்கா அரைகுறையாகச் சுட்டு வைத்திருப்பாள், அம்மா அதைக் கடித்துப் பார்த்து மிச்சத்தைத் தட்டிலேயே வைத்துவிடுவாள்.

நான் ஆறாவது படித்த வருடம் அம்மா பையை எடுக்கவில்லை. அப்பா பஸ் நேரத்தைச் சொன்னபோது, "வருசா வருசம் என் வீட்டுக் கிறிஸ்மஸுக்கு நானே விருந்தாளியா வாரேன். இந்தத் தடவ எங்கயும் போவ மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அப்பா கோபப்பட்டார், கெஞ்சினார், பெரியம்மாவை விட்டுப் பேசச் சொன்னார். அம்மா ஒற்றைக் காலில் நின்றாள்.

அப்பா கொஞ்சிப் பேசத் தெரியாத மனிதர். அம்மாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கூட நான் கேட்டதில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் இதே யோசனையாகத் திரிந்திருக்கிறார். கூட வேலை பார்த்த யாரோ ஒருவர், சுவருக்குத் தாள் ஒட்டினால் வாசனையே இருக்காது என்று சொல்ல, செகந்திராபாத் கடை கடையாக ஏறி இறங்கி, இளம்பச்சையில் சின்னக் கொடியோடிய காகிதச் சுருள்களைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். மற்ற இடத்துக்கெல்லாம் வெறும் சுண்ணாம்பு, கதவுக்கும் ஜன்னலுக்கும் இந்த வருடம் பெயிண்டே கிடையாது, அம்மா படுக்கிற அறைக்கு மட்டும் தாள் என்று முடிவானது. அந்தச் சுருளைப் பிரித்துக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்த அறையின் வடக்குச் சுவருக்கு வெயில் என்பதே கிடையாது. ராணுவ மதிலும் அதற்கு அந்தப் பக்கத்து மரங்களும் அதை எப்போதும் மறைத்துக்கொண்டு நிற்கும். அந்த வருடம் தீபாவளி தாண்டியும் மழை பெய்திருந்தது. அப்பா சுவரைத் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருக்கிறதே என்றார். கரீம் பாயும் தொட்டுப் பார்த்தார். "ஹவ் சாப், கொஞ்சம் இருக்கு. ஃபிகர் நக்கோ" என்று, கவலைப்படாதீர்கள் என்பதை அவர் பாஷையில் சொன்னார். பசை காய்கிறபோது சுவரும் கூடவே காய்ந்துவிடுமாம். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. சுண்ணாம்பு அடிக்கிறவர், தாள் ஒட்டுகிற வேலையை எங்கேயோ நின்று பார்த்தவர், கிடைத்த வேலையை விடுவானேன் என்று தலையாட்டிவிட்டார். அப்பாவும் அதைக் கேட்கத்தான் காத்திருந்தார். சுவர் காய்வது மார்ச் மாதம், கிறிஸ்மஸ் வருவது டிசம்பர் மாதம். இதற்கு யார் என்ன செய்ய முடியும்?

அந்தக் கிறிஸ்மஸைப் போல ஒன்று எங்கள் வீட்டில் வந்ததில்லை. அம்மா தன் கையால் முந்திரிக்கொத்து செய்தாள். கேரல் பாட வந்தவர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் எட்டிப் பார்த்து, "என்ன அழகா இருக்கு" என்று சொல்லச் சொல்ல, அவள் புதுச் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே நின்றாள். அப்பா யாருக்கும் தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஜனவரியில் இழுப்பு ஆரம்பித்தது. பனிக்காலம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். வெயில் காலத்திலும் போகவில்லை. டாக்டர் தூசி இருக்கிறதா, நாய் பூனை இருக்கிறதா என்று விசாரித்தார். எங்கள் நாயை அப்பா தொழிற்சாலைக் காவலாளி ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வந்தார். நான் அழுததைப் பார்த்தும் கொடுத்தார். பஞ்சுத் தலையணைகள் போயின, ஜமுக்காளம் போயிற்று, வீட்டில் தாளிப்பதுகூட நின்றுபோனது. சப்பென்ற குழம்பை நாங்கள் குறை சொல்லாமல் சாப்பிட்டோம். வீட்டுக்கு பெயிண்ட் அடித்தீர்களா என்று டாக்டர் கேட்டபோது, "அவ ரூம்ல பெயிண்டே அடிக்கல டாக்டர். பேப்பர்தான்" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். டாக்டரும் நல்லது என்று தலையசைத்தார்.

வீட்டிலேயே வாசனை இல்லாத இடம் அந்த அறைதான் என்று அப்பா நம்பினார். அம்மாவுக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் கைத்தாங்கலாக அங்கே கூட்டிப்போய்ப் படுக்க வைத்து, வெளித்தூசி வராமல் ஜன்னலைச் சாத்திவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். அடுத்த மழை பிடித்த பிறகு அம்மா அந்த அறையை விட்டு வெளியே வந்தது ஆஸ்பத்திரிக்குப் போகத்தான். திரும்பி வரவில்லை.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் கிறிஸ்மஸும் இல்லை, வெள்ளையும் இல்லை. மறு வருடம் ஒரு சனிக்கிழமை, அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், வடக்குச் சுவரின் மேல் மூலையில் தாள் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து அக்கா அதைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பில் பாதிச் சுவர் வந்துவிட்டது. உள்ளே கன்னங்கரேல் என்று பூசணம். கட்டிலின் தலைமாட்டிலிருந்து கூரை வரைக்கும், அடுப்புக்கரியை அப்பிவிட்டதுபோல. மைதாப் பசையைத் தின்று தின்று அது வளர்ந்திருக்கிறது. அந்த நாற்றத்தில் எனக்கே மூச்சு அடைத்தது.

அக்கா கையில் இருந்த தாளைக் கீழே போட்டாள். பிறகு என் தோளைப் பிடித்து, "அப்பாவுக்குத் தெரியக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். மிச்சத் தாளையும் உரித்து, பூசணத்தைத் தோசைக் கரண்டியால் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, கடையிலிருந்து சுண்ணாம்பு வாங்கி வந்து அடித்து, கிழித்த தாளைக் கொல்லையில் கொளுத்தி, அப்பா சைக்கிளை நிறுத்துவதற்குள் நாங்கள் கையைக் கழுவிவிட்டோம். "என்னட்டி, நான் வாரதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார். தாள் கிழிந்து தொங்கிற்று, பார்க்க அசிங்கமாக இருந்தது என்றாள் அக்கா. அவர் அந்தச் சுவரைக் கொஞ்சம் பார்த்தார். அவ்வளவுதான்.

பூசணத்தால்தான் அம்மா போனாள் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நாங்களும் போய்க் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

இப்போது அந்த நாற்சந்தியில் மேம்பாலத் தூண் நிற்கிறது, லேபர் அட்டா எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வெள்ளையடிக்க ஆள் வேண்டுமென்றால் என் மகன் போனை நாலு தட்டுத் தட்டுகிறான், பனியனில் கம்பெனிப் பெயர் போட்ட பையன்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். போன நவம்பரில் அப்படி ஒருவன் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தான். அக்கா கல்யாணமாகி ஊரோடு போய்விட்டாள். அப்பா என்னோடு இருக்கிறார், வயது எண்பதைத் தாண்டிவிட்டது, காது மட்டும் பாம்புக் காது. வந்தவன் ஒரு சின்னக் கருவியை அப்பா அறைச் சுவரில் வைத்தான், அது கீச்சென்று கத்திற்று. தாத்தா அறைக்குத் தாள் ஒட்டலாமா என்று கேட்ட மகனுக்கு, ஈரம் இருக்கிறது, இதன்மேல் தாள் ஒட்டக் கூடாது என்று இந்தியில் விளக்கினான். ஒட்டினால் உள்ளே கறுப்பாகப் பூசணம் பிடிக்கும், வெளியே தெரியவே தெரியாது, மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு அது விஷம் என்றான். நான் குறுக்கே புகுந்து தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். நேரம் கடந்துவிட்டது. நாற்காலியில் இருந்த அப்பா, அது பிடிக்க எத்தனை நாளாகும் என்று தக்கனியில் அவனிடம் விசாரித்தார். ஒரு மழை போதும் அங்கிள் என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த அறைக்குப் போனான்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, நீயும் அக்காவும் அந்தத் தாளைக் கிழிச்சப்ப உள்ள எப்படி இருந்துச்சு?"

"வெள்ளையாத்தான் இருந்துச்சுப்பா," என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கவில்லை, குரலும் மாறவில்லை. "அவ ஹால்ல வந்து படுக்கேன், ஹால்ல வந்து படுக்கேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நாந்தான் அவள ஏசி, திரும்ப உள்ள கூட்டிட்டுப் போவேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் இந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவர் அறைக்கு வெள்ளையடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரவில் அங்கே படுப்பதையும் விட்டுவிட்டு, ஹாலில் வெறுந்தரையில் பாயை விரித்துக்கொள்கிறார்.