அப்பாவின் பின்னந்தலை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். குடும்பத்தோடு பெரியபாளையம் போனால்கூட அம்மா வேப்பிலையோடு கோயிலைச் சுற்றுவாள், நான் வெளியே கடைகளில் வேண்டுதலுக்கு விற்கிற கண்மலர்த் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை எப்படி அடித்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். சிரிக்கத்தான் போகிறீர்கள், முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி. அப்பா சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்தார். நான் சென்னையில் சிற்பமும் கலை வரலாறும் படிக்கப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் அது ஒரு படிப்பா என்றார்கள், அப்பா மட்டும் ஒன்றும் கேட்காமல் மறுநாளே விடிகாலையில் வண்டியை எடுத்து என்னை ஸ்டேஷனில் விட ஆரம்பித்தார். மூன்றாம் வருஷம் பாதியில் மாரடைப்பில் போய்விட்டார். கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினோம். அம்மா அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அது அவர் மாதிரியே இல்லையாம், போட்டோக்காரனுக்குப் பயந்துகொண்டு நிற்கிற யாரோ மாதிரி இருக்கிறதாம்.

கடைசி வருஷம் களிமண்ணில் ஒரு ஆளின் தலையைச் செய்து சூளையில் சுட்டு ஒப்படைக்க வேண்டும். நான் அப்பாவை எடுத்துக்கொண்டேன். மதிப்பெண் எல்லாம் அப்புறம். அம்மா அதைப் பார்த்து, இது அவர்தான் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முகம் வந்துவிட்டது. பின்னந்தலைதான் வரவில்லை. யாரும் யாரையும் பின்னாலிருந்து போட்டோ எடுப்பதில்லை, அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தினம் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போனவள் நான், ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஹெல்மெட்டின் பின்பக்கம். வகுப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த வாரம் கலை வரலாற்று வகுப்பில் பழைய செப்புத் திருமேனிகளைப் பற்றிச் சொன்னார்கள். முதுகுப்பக்கச் சுருள்முடி வரைக்கும் இழைத்து இழைத்துச் செய்திருப்பார்களாம், அபிஷேகம் செய்கிறவரைத் தவிர அதை யாரும் பார்க்க மாட்டார்களாம். யாரும் பார்க்காவிட்டாலும் சரியாகச் செய்ய வேண்டும் என்று மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அப்பாவும் சித்தப்பாவும் பின்னாலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி என்பார்கள். சரி என்று சித்தப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்துக் காலிப்பர் மாதிரி விரிகிற கவைக்கோலை வைத்துத் தலையை அளந்தேன். “இன்னா பாப்பா, போலீசுல கூட மூஞ்சியத்தான் எடுப்பாங்க, நீ இன்னாத்துக்கு பொடனிய அளந்துகினு கீற?” என்றார். அந்த அளவை வைத்துக் கல்லூரியில் மொட்டை மண்டையாக வழவழவென்று முடித்தேன். முடியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று, மண் காயாமலிருக்க ஈரத்துணி சுற்றி, மேலே பாலிதீன் கவர் போட்டுக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை பிரித்தால் வலது காதுக்குப் பின்னால் ஒரு பள்ளம். யாரோ கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தின அளவுக்கு. துணி அழுத்தியிருக்கும் என்று மண் வைத்து அடைத்தேன். அடுத்த நாள் மறுபடியும் அதே இடம், அதே ஆழம். உள்ளே காற்று நின்றிருக்கும், அறுத்துப் பார் என்றார் சிற்பம் சொல்லித்தரும் சார். கம்பியால் அறுத்தேன். உள்ளே மண் கெட்டியாக இருந்தது, காற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. பூசி மூடினேன். மறுபடியும் வந்தது.

என் பக்கத்து மேசை டெய்சி, சோழவரத்துப் பெண், குறும்புக்காரி. அவள்மேல்தான் சந்தேகம். மாதா சத்தியமாக நான் இல்லை என்று அவள் அழுதேவிட்டாள், நான்தான் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. அன்றைக்குக் கவரின் முடிச்சில் என் தலைமுடி ஒன்றை வைத்துக் கட்டினேன். காலையில் முடிச்சு அப்படியே, முடியும் அப்படியே. பள்ளமும் இருந்தது.

சுடுவதற்காகத் தலையின் உள்பக்கத்தைக் குடைந்ததில் அங்கே மண்சுவர் மெலிந்துவிட்டது, இப்படியே சூளைக்குப் போனால் வெடித்துவிடும், அடைத்தே ஆக வேண்டும் என்றார் சார். சூளைக்குப் போய்விட்டால் அப்புறம் எதையும் மாற்ற முடியாது. அதனால் அதற்கு முன்னால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா கல்லூரிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். மூக்கு கொஞ்சம் பெரிசு என்றாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிறகு என்னைக் கேட்காமலே பின்பக்கம் போய், தலைமேல் கையை வைத்தாள். தேடவே இல்லை, அவளுடைய கட்டைவிரல் நேராக அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

“இத்த யாரு சொன்னது உனக்கு?”

எதை என்றேன்.

“இந்தப் பள்ளம். சின்ன வயசுல கெணத்துல குதிக்க சொல்ல அடிபட்டுது. முடிக்குள்ள கெடக்கும், வெளிய தெரியாது. சனிக்கெழம எண்ண தேய்க்க சொல்ல என் வெரலு இங்கதான் வந்து நிக்கும். முடி வெட்றவருக்கும் எனக்கும்தான் தெரியும்.”

அம்மா விரலை எடுக்காமல், அவர் போனபின் முதல்முறையாக அவரிடம் பேசினாள். “இன்னாங்க, இங்கதான் வந்து உக்காந்துகினு கீறீங்களா?”

இத்தனை நாள் நான் காத்திருந்தது அதற்குத்தான். அன்றைக்கு ரயிலில் ஊர் வரும்வரை நானும் அம்மாவும் மாறி மாறி அழுதோம், சிரிக்கவும் செய்தோம். பள்ளத்தை நான் அடைக்கவில்லை. முடியைக்கூட அதைச் சுற்றித்தான் கீறினேன். சார் திட்டிக்கொண்டே சூளையில் வைத்தார். வெடிக்கவில்லை.

சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து தலையைப் பிடித்திருப்பாய், கைக்கு அது ஞாபகம் இருந்திருக்கும், உனக்கே தெரியாமல் செய்திருப்பாய் என்று சார் பிறகு ஒரு காரணம் சொன்னார். இருக்கலாம். நானும் அதையே பிடித்துக்கொண்டு சமாதானமாகியிருப்பேன். ஆனால் சுட்டால் மண் சுருங்கும், எந்த மண்ணாக இருந்தாலும் சுருங்கும். அதற்காகத்தான் முதலிலேயே கொஞ்சம் பெரிதாகச் செய்வோம். அப்பாவின் தலையும் சுருங்கித்தான் வந்தது. காது, தாடை, கழுத்து எல்லாம் சுருங்கின, மூக்கு இப்போது சரியாக இருக்கிறது என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அப்படியானால் பள்ளமும் சுருங்கியிருக்க வேண்டும், அம்மாவின் விரல் அதில் அடங்கக்கூடாது. வீட்டில் அலமாரிமேல்தான் இருக்கிறது. சனிக்கிழமையானால் அம்மா அதைத் துடைத்துவிட்டுக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அந்த வாரத்துக் கதையெல்லாம் சொல்வாள். ஈர மண்ணில் எப்படிப் பொருந்தியதோ, இம்மியும் மாறாமல் அப்படியே பொருந்துகிறது. அப்பாவிடம் எனக்கு என்ன பயம், சொல்லுங்கள். ஆனாலும் செய்தவள் நான், என் விரலை இதுவரை அதில் வைத்துப் பார்த்ததில்லை.