முப்பத்தோராவது ஆள்

"யாரும் என்னச் சேத்துக்க மாட்டேங்கறாங்கம்மா" என்று அழுத மகள் இன்று பள்ளிக்குப் போகவில்லை. அவள் தூங்கிவிட்டாள். அவளுடைய கணக்குப் புத்தகம் பகா எண்கள் பக்கத்தில் திறந்து கிடக்கிறது.

சிறுவயதில் திண்டிவனத்தில் நான் படித்த வகுப்பில் முப்பத்தொரு பேர். வேப்பம்பூ உதிர்ந்த மைதானத்தில் பகா எண்ணைக் காட்ட டீச்சர் எங்களை இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக, ஐந்தைந்தாக நிறுத்திப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசியில் நின்ற நான் மட்டும் மிஞ்சினேன். "நீ லீவு போட்டா கணக்கு சரியா வரும்டி" என்றாள் செல்வி. மறுநாள் நான் போகவில்லை.

மதியம் செல்வியே எங்கள் வாசலில் வந்து நின்றாள். "முப்பது பேரும் சமமா பிரிஞ்சிட்டோம். நீ இல்லாம பகா எண்ணே வரலையாம், டீச்சரு கூப்பிடறாங்க. ஜல்தி வாடி."

இப்போது விழுப்புரத்தில் இந்தத் தெருவில் யார் நடந்தாலும் எழுந்து பார்க்கிறேன். என் மகளைக் கூப்பிட இன்னும் யாரும் வரவில்லை.